ஹெரால்டு காரின் கழுத்தும் மூடியும்

எங்கள் தொழில் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள், அனுபவத்தில் கற்றுக்கொண்டதை எழுதுங்கள் என்று பட்டறை ஆட்கள் கேட்டார்கள். அங்கேயே எனக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. ரேடியேட்டர் வேலையில்தான் என் வயது முழுவதும் போனது. என்ன கற்றுக்கொண்டேன் என்று உட்கார்ந்து யோசித்தால், ஒரு வண்டிக்குச் சரியாக வந்த வைத்தியம் அடுத்த வண்டிக்குத் தப்பாகப் போனதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நம்ம பக்கம் மின்சார வண்டிக் கம்பெனிகள் வந்ததும், இனி ரேடியேட்டரே கிடையாது, நல்ல நேரம் பார்த்து ஓய்வெடுத்துக்கொண்டோம் என்று நிம்மதியாக இருந்தேன். போன மாதம் பட்டறை முருகேசன் வந்து, "இல்லண்ணா, மின்சாரக் காருலயும் பேட்டரிய குளுர வெக்க ரேடியேட்டர் இருக்குது" என்கிறான். அந்த நிம்மதியும் போனது. அதில் எந்தப் பக்கம் தண்ணீர் போகும், எங்கே ஒழுகும் என்று இப்போது படுத்தால் அதுதான் ஓடுகிறது.

எனக்கு ஊர் சூளகிரிப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. சிப்காட் கம்பெனிகளில் ஐடிஐ கேட்டார்கள். அதனால் ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் சேர்ந்தேன். ஆரம்பத்தில் வெறும் கழுவுகிற வேலை. அப்புறம் டேங்கைக் கழற்றிவிட்டு ட்யூப்களுக்குள் தட்டைக் கம்பி விட்டு உப்பு குத்தி எடுக்கிற வேலை. அப்புறம் ஈயம் பற்றவைக்கிற வேலை. பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. கை சுட்டது, பழகியது.

பட்டறை முதலாளி காலமான பிறகு அவர் மனைவி சாந்தம்மாதான் பட்டறையை நடத்தினார். இன்றைக்கும் அவர்தான் நடத்துகிறார். வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ், லாரிக்காரர்களிடம் தெலுங்கு. பற்றவைக்க மாட்டார். ஆனால் டெஸ்ட் தொட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ரேடியேட்டரில் மூடி உட்காரும் கழுத்தை ரப்பர் கட்டையால் அடைத்து, கீழ்க் குழாயை மூடி, மேல் குழாயில் காற்றுக் குழாயை மாட்டித் தொட்டியில் முக்குவோம். ஓட்டை இருந்தால் குமிழி வரும். "ஒழுகலம்மா" என்று நான் சொன்னதும், திரும்பிப் பார்க்காமலே, "நிஜவா?" என்று கன்னடத்தில் கேட்பார். நிஜமா என்று அர்த்தம். வேறு ஒரு வார்த்தை இருக்காது. கோபமும் இருக்காது.

மற்றவர்கள் "நிஜம்மா, நிஜம்" என்று சிரித்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். நான் மட்டும் போக மாட்டேன். மறுபடி முக்குவேன். திருப்பிப் போட்டு முக்குவேன். "சென்னப்பன் டெஸ்ட் பண்ணல, துணி தொவைக்கிறான்" என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

ஒரு முறை பர்கூர்க் கல்குவாரியிலிருந்து ஒரு லாரி வந்தது. மேடு ஏறினால் கொதிக்கிறது. உள்ளே கம்பி விட்டுக் குத்தினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. ஒழுகவில்லை. வண்டி போனது, மறுநாளே திரும்பி வந்தது. மறுபடி குத்தினேன். உள்ளே குத்துவதற்கு எதுவுமே இல்லை. டிரைவர், "ண்ணா, உள்ள குத்தி குத்தி ரேடியேட்டருக்கு வலிக்கப் போவுது" என்றான். கடைசியில் பார்த்தால், வெளிப்பக்கத் தகடுகளின் நடுவில் கல்மாவு தண்ணீரோடு சேர்ந்து சிமெண்டு போல இறுகியிருந்தது. காற்று போக வழியே இல்லை. தகட்டின் நிறமும் மாவின் நிறமும் ஒன்றாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றையிலிருந்து உள்ளே பார்க்கும்போது வெளியேயும், வெளியே பார்க்கும்போது உள்ளேயும் சந்தேகம் வந்து ஒட்டிக்கொண்டது.

இனி ஹெரால்டு கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது.

மத்திகிரியில் ராமமூர்த்தி என்று ஒருவர் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறார். அவரிடம் இரண்டு கதவு ஹெரால்டு கார் ஒன்று உண்டு. சின்னக் கார். அதன் பானெட், முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்னால் திறக்கும். அதற்காகவே தெருவில் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் அந்த வண்டி நிற்கும். நிற்கும் என்றுதான் சொல்ல வேண்டும். ஓடினால் கொதிக்கும்.

அவர் மனைவி கௌரி தையல்காரம்மா. கம்பெனி சீருடை தைக்கும் ஆர்டர் பிடித்திருந்தார். மெஷின்களைப் போட இடமில்லை. வராண்டாவில் ஒன்று, சமையலறை வாசலில் ஒன்று, மற்றவை மூட்டையாகக் கட்டில் மேல். ஷெட் வேண்டும் என்று கேட்டார். வண்டிக்கு எஃப்சி முடியப்போகிற நேரம். பழைய காரென்றால் அவ்வப்போது ஆர்டிஓ ஆபீசில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டில் விட முடியாது. அதனால் வீட்டில் ஒரு பேச்சு ஆகியிருந்தது. எஃப்சி ஆகவில்லை என்றால் வண்டியைக் கொடுத்துவிட்டு ஷெட்டைக் கௌரியம்மாவுக்கு விட்டுவிடுவதாக ராமமூர்த்தி வாயால் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு நேராக எங்கள் பட்டறைக்கு வந்தார்.

"சென்னப்பா, ஆர்டிஓ ஆபீஸ் லைன்ல இஞ்சின ஆஃப் பண்ணாம நிக்கணும். ஆஃப் பண்ணா மறுபடி எடுக்காது. அங்க கொதிச்சா என் கத முடிஞ்சது."

வண்டியைப் பார்த்தேன். ரேடியேட்டரே மூன்று காலத்துச் சாமான். மேல் டேங்க் முதல் முதலில் வந்த ஹெரால்டுடையது. நடுவில் இருக்கும் கோர், பின்னால் வந்த நாலு கதவு வண்டியுடையது. மூடி போன வருஷம் கடையில் வாங்கியது. எந்தக் காலத்திலோ யாரோ சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு நன்றாகவே இருந்தது. அதுதான் என்னைக் குழப்பியது. மோசமான ஒட்டாக இருந்தால் அதன் மேல் பழி போட்டுவிடலாம்.

உள்ளே குத்தினேன். வெளியே கழுவினேன். முக்கினேன். குமிழி இல்லை. சாந்தம்மா "நிஜவா?" என்றார். மறுபடி முக்கினேன். மூடியைத் தனியாகக் கைப்பம்பில் மாட்டி அழுத்திப் பார்த்தேன். ஏழு பவுண்டு வரை நின்றது, அதற்கு மேல் திறந்தது. அதில் எழுதியிருப்பதும் ஏழுதான். எல்லாம் சரி.

வண்டியில் மாட்டி, நானும் ராமமூர்த்தியும் ராயக்கோட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். சூடு காட்டும் முள் ஒன்றை அவர் தனியாக வாங்கி மாட்டியிருந்தார். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சானமாவு காடு வந்த இடத்தில் முள் ஏறிவிட்டது. ஓரத்தில் நிறுத்தினோம். வழிந்து வெளியேறுகிற சின்னக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. எதிரில் யானை நடமாட்டம் உள்ள பகுதி, வண்டியை நிறுத்தாதீர்கள் என்று வனத்துறை போர்டு.

"சார், ஆனை வருமா?" என்றேன்.

"வந்தா நல்லதுதான். தும்பிக்கையில தண்ணி ஊத்தச் சொல்லலாம்."

அவருக்கு விளையாட்டு. முதலை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கொதிக்கிற ரேடியேட்டரை உடனே திறக்கவும் முடியாது, முகத்தில் அடிக்கும். ஆறும்வரை நின்றோம். யானை வரவில்லை. எனக்குத்தான் மூளைக்குள் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. வண்டி கொதிப்பதால் தண்ணீர் போகிறதா, தண்ணீர் போவதால் வண்டி கொதிக்கிறதா? எது முன்னால்? கொதிப்பதால் போகிறது என்றால் பம்ப், விசிறி, அடைப்பு பார்க்க வேண்டும். போவதால் கொதிக்கிறது என்றால் ஒழுக்கு பார்க்க வேண்டும். இரண்டையும் பார்த்தாயிற்றே.

பட்டறைக்கு வந்து தண்ணீர் பம்பை மாற்றினேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ஹோஸ்களை மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓட்டினோம். ஒவ்வொரு முறையும் கொதித்தது. ஆனால் ஒரே இடத்தில் கொதிக்கவில்லை. ஒரு நாள் சீக்கிரம், ஒரு நாள் தாமதம். அதனால் ஏதோ முன்னேற்றம் இருக்கிறது என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. சாந்தம்மாவிடம் போய், "எல்லாம் சரியா இருக்குதும்மா. ஆனா சரியில்ல" என்றேன்.

"ஏனப்பா, இப்பிடி சொன்னா நான் கஸ்டமருக்கு என்ன பில்லு போடறது? சரின்னா? சரியில்லன்னா?"

ஆர்டிஓ ஆபீஸ் போக வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் மத்திகிரிக்கே போய், ஷெட்டில் ஆறிக் கிடந்த வண்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராமமூர்த்தி கடைக்குப் போயிருந்தார். வராண்டாவில் கௌரியம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தார். நான் ரேடியேட்டர் மூடியைக் கழற்றுவதும் மூடுவதுமாக இருந்ததை எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியவில்லை.

"என்னாண்ணா, தொறந்து தொறந்து மூடறீங்க? உள்ள யாராச்சும் இருக்கறாங்களா?"

"இல்லம்மா. இந்த மூடி சரியா உக்காருதான்னு பாக்கறேன்."

"உக்காருதா?"

"திருகினா இறுகுதே. உக்காருதுன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?" என்று எழுந்து வந்தார். மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் அடியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் முனையில் ஒரு ரப்பர் வட்டம். "இது எங்க போயி ஒட்டணும்?"

கழுத்துக்குள் எட்டிப் பார்த்தால் கீழே ஒரு விளிம்பு தெரியும். அதைக் காட்டினேன். அந்த விளிம்பில் ரப்பர் அழுந்தி உட்கார்ந்தால்தான் உள்ளே அழுத்தம் நிற்கும். அழுத்தம் நின்றால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது.

அவர் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்து ரப்பர் மேல் நன்றாகத் தேய்த்தார். ரப்பர் வெள்ளையானது. மூடியைக் கழுத்தில் வைத்துத் திருகி, மறுபடி கழற்றினார். சாக்கு அப்படியே இருந்தது. ஒரு கோடுகூட விழவில்லை. உள்ளே விளிம்பிலும் வெள்ளை ஒட்டவில்லை.

"பிரஸ் பட்டனுக்கு இப்பிடித்தாண்ணா பாப்போம். ஒரு பக்கம் சாக்கு தடவி அமுக்கினா அடுத்த பக்கத்துல பொட்டு விழணும். விழலன்னா தொடவே இல்லன்னு அர்த்தம்."

நான் அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி செய்தேன். பொட்டு விழவில்லை. திருகினால் இறுகியது மூடியின் மேல் தகடுதான். அடியிலிருக்கும் ரப்பர் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய டேங்கின் கழுத்து ஆழம். இந்தக் காலத்து மூடியில் ஸ்பிரிங்கோடு தொங்கும் கால் குட்டை. எட்டவே இல்லை. வண்டி சூடாகித் தண்ணீர் விரிந்தால், தடுப்பு எதுவும் இல்லாமல் நேராக வழிகிற குழாய்க்குள் போய்விடும். ஆக, போவதால்தான் கொதித்தது. தொட்டியில் முக்கும்போது கழுத்தில் ரப்பர் கட்டை இருக்கும். மூடியைச் சோதிக்கும்போது அது கைப்பம்பில் இருக்கும். இரண்டும் தனித்தனியாகச் சரி. சேர்த்துப் பார்த்ததே இல்லை. எங்கள் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு வேறொரு குழப்பம் வந்துவிட்டது.

"அம்மா, எஃப்சி ஆகலன்னாதானே ஷெட்டு உங்களுக்கு?"

"ஆமா."

"அப்பறம் எதுக்கு இதக் கண்டுபுடிச்சுக் குடுக்கறீங்க?"

"பட்டன் மாட்டாத சட்டையப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காதுண்ணா" என்று சொல்லிவிட்டுத் துணி வெட்டப் போய்விட்டார். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை.

ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் போய் சாந்தம்மாவிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு டீ குடிக்கும் டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தார். ரப்பர் கட்டையை எடுக்கச் சொன்னார். கழுத்தில் அந்த மூடியையே மாட்டி, வழிகிற குழாயின் நுனியை டம்ளருக்குள் விட்டு, மேல் குழாய் வழியாகக் காற்று விடச் சொன்னார். விட்ட உடனே டம்ளர் பொங்கியது. அழுத்தமானியின் முள் அசையவே இல்லை.

"நோடப்பா, பாத்தியா," என்றார். "இத்தன காலமா நம்ம ரப்பர் கட்டைய டெஸ்ட் பண்ணிக்கினு இருந்திருக்கோம். கட்டை நல்ல கட்டை."

நீளமான கால் உள்ள மூடி கிடைத்தால் போதும் என்று பெங்களூரில் பழைய சாமான் விற்கும் தெருவெல்லாம் அலைந்தேன். ஒன்று கிடைத்தது. வேறு ஏதோ வண்டியுடையது. அது அளவுக்கு மீறி நீளம். மாட்டினால் ஸ்பிரிங் முழுக்க நசுங்கி, அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் திறக்காது. திறக்காவிட்டால் டேங்க் வெடிக்கும். ஒரு மூடி தொடவில்லை, இன்னொன்று விடவில்லை.

சாந்தம்மாதான், "மூடிக்குத் தகுந்த கழுத்த வெச்சிடு" என்றார். பழைய சாமான் குவியலில் நாலு கதவு ஹெரால்டுடைய டேங்க் ஒன்று கிடந்தது. டேங்க் செத்துப்போனது, கழுத்து நன்றாக இருந்தது. ஆழம் குறைந்த கழுத்து. அதை வெட்டியெடுத்து இதில் வைக்க வேண்டும்.

கேட்கச் சுலபம். பழைய கழுத்தைச் சூடுகாட்டிப் பிரிக்கும்போது பக்கத்திலிருக்கும் டேங்க் விளிம்பின் ஈயமும் உருகிவிட்டால் முழு ரேடியேட்டரும் கையோடு வந்துவிடும். விளிம்பைச் சுற்றி ஈரத்துணி கட்டினேன். ஊதுவிளக்கின் சுவாலையைக் கழுத்துக்கு மட்டும் காட்டினேன். துணி காய்ந்தால் நிறுத்தி மறுபடி நனைத்தேன். ஈயம் பளபளவென்று மின்னி நகரும் நேரத்தில் இடுக்கியால் கழுத்தை ஒரே சுற்றாகத் திருப்பித் தூக்கினேன். இடத்தைச் சுரண்டி, ஆசிட் தடவி, புதுக் கழுத்தை வைத்தேன். வைத்த பிறகு நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று சந்தேகம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் நேர், இன்னொரு பக்கத்திலிருந்து சாய்வு. முருகேசனைக் கூப்பிட்டேன். "நீதாண்ணா சாஞ்சு நிக்கற" என்றான். பற்றவைத்துவிட்டேன்.

ஆறியதும் சாக்கு தடவிப் பார்த்தேன். ரப்பரில் வட்டமாகக் கோடு விழுந்தது. மூடியை மாட்டி, குழாயை டம்ளருக்குள் விட்டுக் காற்று கொடுத்தோம். டம்ளர் அமைதியாக இருந்தது. முள் ஏறியது. எல்லோரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு பவுண்டைத் தொட்டதும் ஒரு குமிழி வந்தது, பின்னால் இன்னொன்று. சாந்தம்மா எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததால் எனக்குப் பயம் வந்து, நானாகவே இன்னொரு முறை செய்தேன்.

ஆர்டிஓ ஆபீசுக்கு நானும் போனேன். எங்களுக்கு முன்னால் வரிசையாக வண்டிகள். நல்ல வெயில். ராமமூர்த்தி இஞ்சினை அணைக்கவில்லை. முள் மெல்ல ஏறியது. என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொண்டன. பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் முள் நின்றது. நின்றதா, நிற்பது போல இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். ராமமூர்த்தி, "மூச்சு விடு சென்னப்பா, நீ கொதிச்சிடப் போற" என்றார். ஆய்வாளர் வந்தார், பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். அவர் போகும்வரை கீழே ஒரு சொட்டு விழவில்லை. எஃப்சி ஆகிவிட்டது.

வழி முழுக்க ராமமூர்த்தி ஹாரன் அடித்துக்கொண்டே மத்திகிரிக்கு ஓட்டினார். வீட்டு முன்னால் வந்து ஷெட்டுக்குத் திரும்பியவர் சட்டென்று பிரேக் போட்டார். ஷெட்டுக்குள் தையல் மெஷின்கள் வரிசையாக நின்றன. மேலே விளக்குகூட மாட்டியாகிவிட்டது. கௌரியம்மா உள்ளே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்.

"கௌரி! என்னா இது? எஃப்சி ஆயிடுச்சு!"

"ஆனது ஹாரன்லயே தெரிஞ்சுது. நல்லதாப் போச்சு."

"ஆச்சுன்னா ஷெட்டு எனக்குன்னுதானே பேச்சு?"

"ஆகலன்னா எனக்குன்னீங்க. ஆச்சுன்னா யாருக்குன்னு நீங்களும் சொல்லல, நானும் கேக்கல." மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். "ஆகலன்னா நீங்க குடுத்திருப்பீங்களா? இன்னொரு மெக்கானிக்கத் தேடிப் போயிருப்பீங்க. வண்டி இங்கயே கெடந்திருக்கும், போன வாட்டி கெடந்த மாதிரி. ஓடாத வண்டியத்தான் மூடி வெக்கணும். ஓடற வண்டிக்கு ஷெட்டு எதுக்கு? தெருவுல எத்தன காரு நிக்குது, பாருங்க."

அன்றைக்கு அவர் எதற்காகச் சாக்கு தடவிக் காட்டினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ராமமூர்த்தி என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபமா, கெஞ்சலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சென்னப்பா, நீ சொல்லு. இந்த வண்டி வெளிய நிக்குமா?"

மழை, பனி, வெயிலில் ரப்பர் வெடிப்பது, நாய் ஹோஸைக் கடிப்பது, எல்லாம் ஒரே நேரத்தில் மனசுக்குள் வந்தன. நிற்காது என்று சொன்னால் அவருக்குச் சந்தோஷம், என் வேலை பொய். நிற்கும் என்றால் அவருடைய ஷெட் போய்விடும். வழக்கமாக நான் "பாக்கலாம் சார்" என்பேன். அங்கே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, முள் அசையாமல் இருந்தது.

"நிக்கும் சார்," என்றேன்.

கௌரியம்மா உள்ளே போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். ராமமூர்த்தி இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். வண்டியைச் சரிசெய்தேனா, ஒரு மனிதரை வீட்டுக்கு வெளியே நிறுத்தினேனா என்று எனக்குப் புரியவில்லை. இறங்கிப் போய்விடலாமா, அவரோடு உட்கார்ந்திருக்கலாமா என்றும் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, ஷெட் வாசலில் நின்றார்.

"கௌரி, இதுக்கு ஒரு உறை தெச்சுக் குடுப்பியா?"

மெஷின் நிற்கவில்லை.

"அளவெடுத்து வெச்சுட்டுப் போங்க. ஆர்டர் நெறைய இருக்குது. லைன்லதான் வரும்."

அவர் உள்ளே கையை நீட்டி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரைக்கும் பிடித்து அளந்தோம்.